இரண்டாவது வெடி

பாலங்கேரி
16 செப்டம்பர் 1963

அன்பு மகள் தேச்சம்மாவுக்கு,

சித்தப்பா உத்தப்பா எழுதுவது. உன் அப்பாவின் மூச்சிரைப்பைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டுவிட்டது, அட்டைகள்தான் விடவில்லை. மாப்பிள்ளைக்குப் பூனாவிலிருந்து மாற்றல் வரும் என்றாயே, வந்ததா? குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா?

ஒரு நல்ல செய்தி. கைல்போதுப் பண்டிகைக்குத் துப்பாக்கிகளையும் கத்திகளையும் விளக்கின் முன் வைத்துக் கும்பிட்டோம். அண்ணன் கட்டிலில் படுத்தபடியே, "உத்தா, தாத்தாவோட துப்பாக்கியில அடிச்ச மான் கறி ஒரு தடவை தின்னுட்டா போதும்டா. அப்புறம் என்னை எங்க வேணா அனுப்புங்க" என்றார். அந்தத் துப்பாக்கியை உனக்குத் தெரியும். வாய் வழியே மருந்து கொட்டி, குண்டு போட்டு, இடிகோலால் இடித்து, கேப் வைத்துச் சுட வேண்டும். ஒரே குழல், ஒரே வெடி. அடுத்த வெடிக்குத் தயாராவதற்குள் மான் மைசூர் போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் அப்பாவுக்குப் பிறகு அதில் யாரும் மான் அடித்ததில்லை. நான் எந்தத் துப்பாக்கியிலும் அடித்ததில்லை.

நான் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியபோது பக்கத்துத் தோட்டத்துப் பெல்லியப்பா விடுவானா? "வாத்தியாரே, மானை நிக்க வச்சு வாய்ப்பாடு கேக்கப் போறீங்களா? தப்பாச் சொன்னாத்தான் சுடுவீங்களோ?" என்றான். ஊரே சிரித்தது.

சிரித்தவர்கள் வாயை மூடிவிட்டேன், மகளே. ஒரே குண்டு. கொம்பு விரிந்த புள்ளிமான். குண்டு பின்தொடையில் புகுந்து, உடம்புக்குள் நேராக ஓடி, கழுத்தில் வெளியே வந்திருக்கிறது. நம்பாதவர்களுக்குத் தரையில் குச்சியால் மானை வரைந்து, நேர்கோடு போட்டுக் காட்டினேன். வழக்கப்படி சுட்டவனுக்கு மானின் தலை, அது எனக்கு. கொம்பை நடுக்கூடத்தில் மாட்டியிருக்கிறோம். அண்ணன் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

அன்று ஒரு வேடிக்கையும் நடந்தது. உன் அண்ணன் மேதப்பா ஏதோ தவறாகக் கேட்டுக்கொண்டு அக்கரையிலிருந்து ஓடிவந்தான். உடனே போய்விட்டான்.

நீலம்மா சித்தி உன்னை மெலிய வேண்டாம் என்கிறாள். எல்லோருக்கும் எங்கள் ஆசி.

உன் சித்தப்பா,
உத்தப்பா


பூனா
28 செப்டம்பர் 1963

வணக்கத்துக்குரிய சித்தப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். மாற்றல் வரவில்லை. பல் இரண்டு முளைத்து, குழந்தை தன் அப்பாவின் தோள்பட்டையைக் கடிக்கிறது. நீங்கள் மான் அடித்ததை அவரிடம் படித்துக் காட்டினேன். "உங்க சித்தப்பாவா!" என்று மூன்று தடவை கேட்டார்.

ஆனால் சித்தப்பா, கடிதத்தின் வாலில் என்ன எழுதிவிட்டீர்கள்? அண்ணன் வந்தானா? பட்டாளத்தை விட்டு வந்தவனை அப்பா எல்லோர் முன்னாலும் "முதுகைக் காட்டி வந்தவன்" என்று சொன்ன நாளிலிருந்து, ஆறு வருஷமாக நம் வாசலை மிதிக்காதவன் ஓடிவந்தானா? அது வேடிக்கையா? எதைத் தவறாகக் கேட்டான்? அப்பா என்ன சொன்னார்? ஏன் போய்விட்டான்?

நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். சித்தியின் காலில் விழுந்ததாகச் சொல்லுங்கள்.

தேச்சம்மா


பாலங்கேரி
20 அக்டோபர் 1963

அன்பு மகளுக்கு,

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. பதில் தாமதமாகிவிட்டது. காப்பித் தோட்டத்தில் நிழல் மரம் கழிக்கும் வேலை.

நீ கேட்டதை எழுதுகிறேன். ஒரு வெடி கேட்டால் எங்கோ ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது, அடுத்தடுத்து இரண்டு கேட்டால் சாவு. இது நம் ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. நாங்கள் வேட்டைக்குப் போனது மேதப்பாவுக்குத் தெரியாது. யார் போய்ச் சொல்வார்கள்? அவன் காதில் இரண்டு வெடி விழுந்திருக்கிறது. நம் வீட்டுப் பக்கத்திலிருந்து. அப்பா போய்விட்டார் என்று நினைத்துவிட்டான்.

நாங்கள் முற்றத்தில் மானைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தோம். வெள்ளை வேட்டி, தலையில் ஒன்றுமில்லை, சாவுக்கு வரும் கோலம், தொடை வரை ஆற்றுத் தண்ணீர். "அப்பா, அப்பா" என்று அழுதுகொண்டே படியேறி வந்தவன் மானைப் பார்த்ததும் நின்றான். ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும்.

பெல்லியப்பாதான் ஆரம்பித்தான். "என்னடா மேதா, அழறதுக்கு அவ்வளவு அவசரமா? உங்கப்பன் உள்ள கஞ்சி குடிச்சிட்டிருக்கார்."

"ரெண்டு வெடி கேட்டுது" என்றான் மேதப்பா.

"தாத்தா துப்பாக்கியில எப்படிடா ரெண்டு வெடிக்கும்? அப்பன் எப்போ போவான்னு ஆறு வருஷமாக் காதைத் தீட்டி வச்சிருந்தா ஒண்ணும் ரெண்டாத்தான் கேக்கும். வெடியை எண்ணத் தெரியாத குடகன் ஒருத்தன் பொறந்திருக்கான் பாருங்கப்பா!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான், "ரெண்டாவது எதிரொலியா இருக்கும்" என்றேன். உனக்கு நினைவிருக்கும், உங்கள் வகுப்பைப் பள்ளிக்கூடக் கிணற்றடிக்கு அழைத்துப் போய்க் கூவச் சொல்லி எதிரொலி பாடம் நடத்தினேனே. மலையும் கிணறு மாதிரிதான்.

அவன் என்னைப் பார்த்தான். திரும்பிப் போய்விட்டான். அண்ணன் உள்ளிருந்து "மேதா" என்று கூப்பிட்டது அவன் காதில் விழுந்ததோ என்னவோ.

குளிர் தொடங்கிவிட்டது. குழந்தைக்குக் காதைக் கட்டிவிடு.

சித்தப்பா


பூனா
4 நவம்பர் 1963

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நலம். அங்கும் நலமாக இருக்கக் காவேரித் தாயை வேண்டுகிறேன்.

அண்ணனுக்கு எழுதினேன். அவனிடமிருந்து வந்த பதிலை அப்படியே தருகிறேன். "ரெண்டு வெடி கேட்டேன். எனக்கு எண்ணத் தெரியும். ஊரெல்லாம் ஒண்ணு என்கிறது, சித்தப்பாவே ஒண்ணு என்கிறார். பொய் சொல்லாத மனுஷன். அப்போ தப்பு என் காதுலயோ மனசுலயோதான் இருக்கணும். அப்பா சாவை நான் எதிர்பார்த்துட்டா இருந்தேன்? தெரியலை. இனி அந்தப் பக்கம் ரெண்டு வெடி கேட்டாலும் எழுந்திருக்க மாட்டேன்."

இதைப் படித்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். அப்பா நிஜமாகவே போகும் நாளில் ஊர் இரண்டு வெடி வெடிக்கும். அவன் காப்பிக் கொட்டையைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அப்பாவுக்கு இருப்பது ஒரே மகன். அப்பா உயிரோடு இருக்கும்போதே அவன் வர வேண்டும்.

கோபப்படாதீர்கள், ஒன்று கேட்கிறேன். போட்ட கணக்கைத் திருப்பிப் போட்டுச் சரிபார் என்று சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தான். மானைத் தாளில் வரைந்து பார்த்தேன். பின்தொடையில் புகுந்த குண்டு கழுத்தில் வர வேண்டுமென்றால், மான் உங்களுக்கு முதுகைக் காட்டி, உங்கள் நேர்கோட்டில் நின்றிருக்க வேண்டும். பக்கவாட்டில் நின்றது என்று சித்தி எனக்கு எழுதியிருக்கிறாள். நீங்கள் வீட்டில் அப்படித்தான் சொன்னீர்களாம்.

அன்று எத்தனை வெடி சித்தப்பா?

தேச்சம்மா


பாலங்கேரி
6 டிசம்பர் 1963

அன்பு மகள் தேச்சம்மாவுக்கு,

ஆண்டவன் அருளால் நாட்கள் ஓடுகின்றன. புத்தரி நல்லபடியாக முடிந்தது. முதல் கதிர் அறுக்குமுன் வயலில் வெடி போடும் மரியாதையை இந்த வருஷம் எனக்குக் கொடுத்தார்கள், மான் அடித்தவன் என்று. தாத்தாவின் துப்பாக்கியோடு வரப்பில் நின்றேன். பாதி மருந்து வரப்பில் சிந்திவிட்டது. வயசாகிறதல்லவா?

கதிரைக் கொண்டுவந்து கூடத்தில் கட்டினோம். எல்லாப் பங்காளிகளும் வந்திருந்தார்கள். அண்ணன் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் இலை போடச் சொன்னார். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. இலை காயும் வரை அப்படியே இருந்தது. நீலம்மாதான் எடுத்தாள்.

மாட்டுக்குக் கோமாரி வந்து சரியாகிவிட்டது. ஆரஞ்சு இந்த வருஷம் குறைவு, ஆனால் இனிப்பு அதிகம். உனக்கு ஒரு புட்டி தேன் அனுப்பியிருக்கிறேன், குழந்தைக்கு நாக்கில் தடவு. மேதப்பா விஷயமாக, காலம் எல்லாவற்றையும் சரி செய்யும். கலங்கிய குளத்தைக் கலக்காமல் விட்டால் தானே தெளியும் இல்லையா?

மாப்பிள்ளைக்கு என் ஆசி.

சித்தப்பா


பூனா
15 டிசம்பர் 1963

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். தேன் வந்தது. மாடு பிழைத்ததில் மகிழ்ச்சி.

நான் கேட்ட ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறீர்கள்.

தேச்சம்மா


பூனா
20 ஜனவரி 1964

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இல்லாமல் ஒரு மாசத்துக்கு மேல் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நீங்கள் வெளியே போவதில்லை, சாப்பாடு குறைந்துவிட்டது, கொம்பைச் சுவரிலிருந்து கழற்றிப் பரணில் போட்டுவிட்டீர்கள் என்று சித்தி எழுதியிருக்கிறாள். பெல்லியப்பா கேட்டதற்கு "செல் அரிக்குது" என்றீர்களாம். கொம்பைச் செல் அரிக்குமா சித்தப்பா?

உங்கள் மாப்பிள்ளையை எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தைக்கு அம்மை இறங்கி இப்போதுதான் தேறுகிறது, அதைத் தூக்கிக்கொண்டு ரயில், பஸ் என்று வர வழியில்லை. இல்லாவிட்டால் நானே வந்திருப்பேன்.

உங்களை நான் திட்டவில்லை. சின்ன வயசில் எனக்குக் கணக்கு வராதபோது, "விடை தெரியாட்டி பரவால்ல, தெரிஞ்ச வரி வரைக்கும் எழுது" என்பீர்கள். எனக்கு எழுத வேண்டாம். அண்ணனிடம் போய்ச் சொல்லுங்கள். தன் மனசில்தான் அழுக்கு என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அப்பாவுக்குக் கால் வீங்கியிருப்பதாகச் சித்தி எழுதினாள், இப்போது எப்படி?

தேச்சம்மா


பாலங்கேரி
29 ஜனவரி 1964

மகளே,

விடை இரண்டு.

உடம்பு சுகம் என்று வழக்கம்போல எழுத வரவில்லை. தெரிந்த வரி வரைக்கும் எழுதுகிறேன்.

அன்று நான் என் ரெட்டைக் குழல் துப்பாக்கியையும் எடுத்துப் போயிருந்தேன். விடியுமுன்னே நான் நிற்கப்போகும் மேட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன், யாருக்கும் தெரியாது. பழைய துப்பாக்கி மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, என் கண் மேலும் இல்லை. மான் வந்தது. தாத்தாவின் குண்டு பின்தொடையில் பட்டது. மான் உட்கார்ந்து, எழுந்து, மூன்று காலில் உடம்பை இழுத்தது. அதன் குரலை நான் கேட்காமல் இருந்திருக்கலாம். பழையதைக் கீழே போட்டுவிட்டு மற்றதை எடுத்துக் கழுத்தில் சுட்டேன். அதில் தப்பில்லை, அடிபட்ட மிருகத்தைப் போக விடுவதுதான் பாவம். யாரிடம் சொல்லியிருந்தாலும் தோளில் தட்டியிருப்பார்கள்.

கீழே மானை விரட்டிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் வெடியை எண்ணவில்லை; அவர்கள் ஏறி வரும் சத்தம் கேட்டது. ரெட்டைக் குழலைப் புதருக்குள் தள்ளிவிட்டுத் தாத்தாவின் துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுதான் தப்பு. "வாத்தியார் ஒரே வெடியில சாச்சுட்டார்டா!" என்று பெல்லியப்பா கத்தினான். முப்பத்தெட்டு வருஷம் சாக்பீஸ் பிடித்த கையை ஊரே பிடித்துக் குலுக்கியது. இனித்தது, மகளே. மறைக்க என்ன இருக்கிறது?

முதல் வரியில் தப்பு வந்த கணக்கு எப்படிப் போகும்? அதற்கடுத்த வரிகளை எவ்வளவு கவனமாகப் போட்டாலும் தப்பு பெரிதாகிக்கொண்டேதான் போகும். மானை வரைந்தேன். எதிரொலி என்றேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஊர் முன்னால் அவன் செவிடனாகி, அப்பன் சாவுக்குக் காத்திருந்தவனாகி, படியிறங்கிப் போனான். நான் மானின் கழுத்தில் இருந்த ஓட்டையை இன்னொருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அண்ணன் என்னை அருகில் உட்காரச் சொன்னார். "உத்தா, தாத்தா துப்பாக்கிக்கு ஒரு குழல்தானே?"

"ஆமாண்ணா."

"அன்னிக்கு நான் படுத்திருந்தேன். என் காது படுத்திருக்கலை."

அவர் போர்வையை இழுத்துவிட்டேன்.

"உன்னை ஊர்ல மானம் கெடச் சொல்லலைடா. பையனை மட்டும் கூட்டிட்டு வா."

மறுநாள் கிளம்பினேன். ஆற்றின் மூங்கில் பாலம் வரை போனேன். பெல்லியப்பா எதிரில் வந்தான். "எங்க வாத்தியாரே, அடுத்த மானுக்கா?" என்றான். அவனோடு பேசிக்கொண்டே திரும்பி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை கண்டிப்பாகப் போவேன்.

உத்தப்பா


பூனா
5 பிப்ரவரி 1964

சித்தப்பா,

குழந்தை நலம். போனீர்களா?

தேச்சம்மா


பாலங்கேரி
14 பிப்ரவரி 1964

என் மகள் தேச்சம்மாவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். உன்னால் வர முடியாதென்று தெரிந்தும் அனுப்பினோம். அழுது முடித்துவிட்டு இதைப் படி.

நான் சனிக்கிழமை போகவில்லை. ஏன் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. திங்கள் போகலாம் என்றிருந்தேன், பிறகு புதன். புதன்கிழமை காலையில் கஞ்சி கொடுக்கப் போன நீலம்மா என்னைக் கூப்பிட்டாள். அண்ணன் முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

ஆட்கள் கூடினார்கள். பெல்லியப்பா துப்பாக்கியோடு முற்றத்தில் இறங்கினான். குழலை வானத்துக்குத் தூக்கியவன் கையை நான் பிடித்தேன்.

"சுடாதே. நான் போயிட்டு வர்ற வரைக்கும் சுடக் கூடாது."

"சாவு வீட்ல வெடி போடாம இருப்பாங்களா வாத்தியாரே?"

"போட்டா அவன் வரமாட்டான்."

இந்தத் தடவை மூங்கில் பாலத்தில் நான் நிற்கவில்லை. மேதப்பா களத்தில் காயும் காப்பிக் கொட்டையைப் பலகையால் கிளறிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான்.

"வெடி கேக்கலையே?"

"இன்னும் போடலை. நீ நம்ப மாட்டேன்னு நானே வந்தேன்."

"நல்லதாப் போச்சு" என்றான். பலகையை நிறுத்தவில்லை.

"மேதா, அன்னிக்கு ரெண்டு வெடிதான். ரெண்டும் நான் சுட்டது. உன் காது சரியாத்தான் கேட்டுது."

அவன் வரிசை முடியும் வரை கிளறினான். பலகையைச் சுவரில் சாய்த்தான். அவன் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். நீ வந்தது தெரிஞ்சுதான் உன்னைக் கூப்பிட்டார். உன் காதுல விழலை."

"விழுந்துது சித்தப்பா" என்றான். "கூப்பிட்டது நல்லாவே விழுந்துது. விழுந்தும்தான் போனேன். எல்லாரும் சிரிச்சாங்க."

மகளே, என் தப்பு எவ்வளவு பெரியது என்று அந்த ஒரு பேச்சில்தான் எனக்கு அளவு தெரிந்தது. உன் அப்பா கூப்பிட்டார், உன் அண்ணன் கேட்டான், நடுவில் என் பொய் நின்றுகொண்டிருந்தது.

முற்றத்துக்கு வந்ததும் அவன் உள்ளே போகவில்லை. என்னைப் பார்த்தான். எனக்குப் புரிந்தது. எல்லோரும் கேட்கச் சொன்னேன். மேட்டில் ஒளித்து வைத்த துப்பாக்கி, தொடையில் ஒரு குண்டு, கழுத்தில் ஒரு குண்டு, எதிரொலி. வகுப்பில் பேசிய குரல் அன்று எனக்கு வரவில்லை. பின்னால் இருந்தவர்கள், "என்ன சொல்றார்?" என்றார்கள். மறுபடி ஒரு தடவை சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். பெல்லியப்பா மட்டும், "நான் வேற அவனை அப்படிப் பேசிட்டேனே" என்று தலைத்துணியை அவிழ்த்தான். என்னிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

மேதப்பா உள்ளே போய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்து வெளியே வந்து பெல்லியப்பாவின் துப்பாக்கியைக் கையால் ஒதுக்கினான்.

"இது வேணாம். கூடத்துல இருக்கிறதை எடுங்க. அதுல ரெண்டு வெடிக்காதுன்னுதானே சொன்னீங்க?"

தாத்தாவின் துப்பாக்கியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மருந்து கொட்டினான், இடித்தான், கேப் வைத்து வானத்தைப் பார்த்துச் சுட்டான். பிறகு குழலைத் துடைத்தான். கொம்புச் சிமிழைத் திறந்து மருந்தை அளந்தான். ஒரு துளி சிந்தினாலும் ஒற்றியெடுத்துப் போட்டான். இவ்வளவு நேரமும் பள்ளத்தாக்கு முழுக்க ஒரே வெடியைத்தான் கேட்டிருந்தது.

அக்கரையிலிருந்து யாரோ ஒருவர் சந்தோஷமாகக் கூவினார்: "யார் வீட்லப்பா ஆம்பளைப் புள்ளை?"

உன் அண்ணன் தலை நிமிரவில்லை. இடிகோலை ஏற்றி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும், இன்னும் கொஞ்ச நேரம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவன் குழலைத் தூக்கினான்.

நீலம்மாவும் நானும் இருக்கிறோம். குழந்தையை வெயிலில் விடாதே. மேதப்பா இங்கேதான் தங்கியிருக்கிறான். உனக்குத் தனியாக எழுதுவான். என்னோடு அவன் பேச இன்னும் நாளாகும். பேச வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

உத்தப்பா